திருப்பி அனுப்பிய கதவு

"யார்கிட்ட கேட்டீங்க?"

டீ டம்ளரை மேசையில் வைக்கப்போன அவள் கை அப்படியே நின்றது. கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டால் அவர் செய்கிற வேலை அது.

"நம்ம பொண்ணுகிட்டதான்... நேத்து சாயங்காலம் போன்ல."

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தெருவையே விழுங்கியிருந்தது. மருந்து ஊறிப்போன அவள் உடம்புக்கு விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கனவு ஒட்டிக்கொண்டே இருக்கும். குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும். ஆனால் 'பொண்ணு' என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் பால்காரரிடம் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பார், தவறான எண்ணுக்கு அழைத்தவரைக்கூடச் சும்மா விடமாட்டார். "அகராதி பிடிச்சவன்" என்று கூடவே வசிக்கும் அவருடைய அக்கா திட்டுவதில் நியாயம் இருந்தது. இப்போது அவரைப் பிடித்து ஆட்டிய சொல் 'ரெமிஷன்'. கைதியின் தண்டனையில் கொஞ்சம் கழிப்பதும் அதுதான், பாவத்தை மன்னிப்பதும் அதுதான், நோய் அடங்குவதும் அதுதான். வேர் லத்தீனில் இருக்கிறதாம். திருப்பி அனுப்புவது, இறுக்கிப் பிடித்ததைத் தளர்த்துவது என்று பொருளாம். போன வாரம் டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னதும் அதையேதான். டாக்டர் சொன்ன சந்தோஷத்தில் மற்றவர்கள் அழுதார்கள். இவர் அன்றிலிருந்து அதற்கு வீட்டில் புழங்கும் தமிழைத் தேடி அலைந்தார்.

"என்னன்னு கேட்டீங்க?"

"ரத்தப் புற்றுநோய் அடங்கியிருந்தா நம்ம வீட்டுல அதை எப்படிச் சொல்றதுன்னு..."

"நம்ம வீட்டுலன்னே சொல்லிட்டீங்களா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அடுப்படியிலிருந்து அக்காதான் பதில் சொன்னாள். "ஒரு வருஷமா நாங்க வாயைக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். இவன் ஒரு வார்த்தைக்காகப் போட்டு உடைச்சுட்டான்."

மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது, படுக்கையை விட்டு எழக்கூடாது, மனசு அதிரவே கூடாது என்றார்கள். அதே சமயத்தில்தான் இவளுக்கு நோய் தெரிந்தது. சொன்னால் மகள் ஓடிவந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடப்பாள். அதனால் அம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அம்மா ஏன் பார்க்க வரவில்லை என்று ஒருநாள் மகள் டாக்டர் பேச்சையும் மீறிச் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றபோது, முடி கொட்டிய தலையோடு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "இங்க வராத, உன் வீட்டுக்குப் போ" என்றாள். பிரசவத்துக்கும் போகவில்லை. அதன்பின் மகள் அப்பாவிடம் மட்டும்தான் பேசினாள். எனக்கு அம்மா இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

மருந்து மயக்கத்தில் எத்தனையோ தடவை அந்தப் பேரனை அவள் தூக்கியிருக்கிறாள். கனவில் அவனுக்கு எடையே இருக்காது. முகத்தைப் பார்க்கக் குனிந்தால் பனிக்குள் கரைந்துவிடுவான்.

வாசல் மணி அடித்தது. அக்கா போய்த் திறந்தாள்.

வெள்ளைப் பனிக்குள்ளிருந்து மகள் வந்தாள், தோளில் தூங்கும் குழந்தையோடு. இதுவும் கனவோ என்று அம்மா நாற்காலிப் பிடியை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். மகளின் பார்வை அவள் தலைத்துணியிலும் ஒட்டிய கன்னத்திலும் போய்ப் போய் நின்றது.

"அப்பா கேட்டது உன்னைப் பத்தின்னு போனை வச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அத்தைக்குப் போன் பண்ணி அழுதேன், அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அடுப்படியில் திடீரென்று பாத்திரம் கழுவும் சத்தம் பலமாகக் கேட்டது.

"உன்னை நான் என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமாம்மா? வலி எடுத்தப்போ அம்மான்னு கத்தக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்... நீ இங்க செத்துப் பொழைச்சிருக்க."

"அப்பவே தெரிஞ்சு நீ இங்க வந்து கெடந்திருந்தா இந்தக் குழந்தை தங்கியிருக்காதுடி."

"இருக்கலாம். ஆனா நீ போயிருந்தா? எனக்கு அம்மா இல்லன்னு அப்பாகிட்ட சொன்னதுதான் உன்னைப் பத்தி நான் சொன்ன கடைசிப் பேச்சா இருந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா வாழ்ந்திருப்பேன்? அதை யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. தியாகம் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு திமிர் உண்டு. பாரம் முழுவதும் தங்கள் தலையில்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். மகள் தலையிலும் ஒன்றை ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தப்புதான்டி. என்னை மன்னிச்சிரு."

மகள் குனிந்து குழந்தையை அவள் மடியில் வைத்தாள். நல்ல கனம். முகம் அங்கேயே இருந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"மழை விட்ட மாதிரி விட்டிருக்கு. வானம் முழுசா வெளுத்துருச்சுன்னு சொல்ல முடியாது."

தேடிய சொல் கிடைத்துவிட்ட கணவரின் கை சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போனது. "தொட்டுப் பாரு, கையை ஒடிக்கிறேன்" என்றாள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அக்கா.

"திரும்ப வருமா?" என்று கேட்டாள் மகள்.

"வரலாம்."

"வந்தா என்னைக் கூப்பிடுவியா?"

இத்தனை நாள் ஏற்றிய மருந்தைவிட இது கடினமாக இருந்தது. சரி என்றால், என்றைக்கோ ஒருநாள் இந்த முகம் ஆஸ்பத்திரியில் அழுவதைப் பார்த்தாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது.

"கூப்பிடுறேன்."

"ஒளிக்காம?"

"ஒளிக்காம. நீதான் பக்கத்துல உட்காரணும்." இந்த ஒரு வருஷத்தில் யார் முன்னாலும் சொல்லாததை முதல் தடவையாகச் சொன்னாள். "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுடி... அன்னிக்கு நீ படியிறங்கிப் போன சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து கதவைத் தட்டமாட்டியான்னு அங்கேயே நின்னுக்கிட்டிருந்தேன்."

மகள் மண்டியிட்டு அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தை விழித்துச் சிணுங்கியது. இருவரும் விடவில்லை.