பஞ்சு தின்ற ரோஜா இலை

ரோஜாச் செடி மொட்டையாக நின்றது. அதன் கடைசி இலை பஞ்சுவின் வாயில் இருந்தது.

பஞ்சு வாண்டுவின் முயல். செடியோ கீழ் வீட்டுத் தையல்காரருடையது. வெயில் படட்டும் என்று மாடிப்படி ஓரத்தில் வைத்திருந்தார்.

"அக்கா, அதத் தின்னா முயல் செத்துடுமா?" என்றான் தம்பி.

"சும்மா இருடா!" என்று அதட்டினாள். ஆனால் அந்தப் பயம் அவளையும் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போயிருந்த அம்மா போனை எடுக்கவில்லை. வாண்டு கணினி முன் உட்கார்ந்து தட்டினாள்: ‘ரோஜா இலை தின்ற முயல் சாகுமா?’

முதலில் வந்த பக்கம், ‘முயல் சாகும் முன் காட்டும் பத்து அறிகுறிகள்.’ அடுத்தது, ‘என் முயல் சாகும்போது நான் அழுத அழுகை.’ மூன்றாவதைப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா, பஞ்சு கண்ண மூடுது!" தம்பி ஓவென்று அழுதான்.

வாண்டு மறுபடியும் அதே கேள்வியைத் தட்டினாள். மறுபடியும் அதே பக்கங்கள் வரிசை கட்டி நின்றன.

அப்போதுதான் கவனித்தாள். எல்லாவற்றிலும் ‘முயல்’, ‘சாகும்’ என்பவை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. ரோஜாவைக் காணவே காணோம்!

"டேய், இது பஞ்சுவப் பாத்துச் சொல்லலடா. நான் போட்ட வார்த்தை எங்கெங்க இருக்குன்னு தேடுது. அதுல நிறைய பேர் பாக்குற பக்கத்த முன்னாடி வைக்குது. சாகுமான்னு கேட்டது நான்தான்!"

அந்தச் சொல்லை அழித்தாள். ‘முயல் ரோஜா இலை கால்நடை மருத்துவர்’ என்று தட்டினாள். ஆறாவதாக, ஒரு படம்கூட இல்லாத பக்கம் வந்தது. எழுதியவர் ஒரு கால்நடை மருத்துவர். ‘ரோஜா இலையை முயல் தின்னலாம். செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.’

மருந்து அடித்தாரா? தையல்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஓர் ஊசி தொலைந்தாலே வீட்டை இரண்டாக்கிவிடும் மனிதர் அவர்.

பஞ்சுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"மாமா... உங்க ரோஜாச் செடிய எங்க முயல் தின்னுடுச்சு. தப்புதான். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா முதல்ல சொல்லுங்க, அதுக்கு மருந்து அடிச்சீங்களா?"

தையல் மெஷின் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்தா? ஒரு சொட்டு அடிச்சதில்ல! வெறும் தண்ணி ஊத்தி, பிள்ளை மாதிரி வளத்தேன். அதப் போயி உன் முயலு..."

அவர் திட்டிக்கொண்டே போனார். கன்னத்தில் கண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள் வாண்டு.