படுகைச் செல்கள்

திட்டுகள் நேற்றுபோல் இல்லை. கிளமெண்ட் நுண்ணோக்கியின் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான். நேற்றுவரை செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, வட்டத் திட்டுகளாக, ஒளிரும் விளிம்போடு இருந்தன. இன்று எல்லாமே ஒரே பக்கமாக நீண்டிருந்தன, அவன் உட்கார்ந்திருந்த பக்கமாக. தட்டைத் திருப்பி வைத்தான். ஏசியின் முனகல், அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் மேசைக்கு ஏறும் நடுக்கம், திறந்திருந்த இன்குபேட்டரின் ஈர வெதுவெதுப்பு. மறுபடி குனிந்தான். திட்டுகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

அவை அவன் மனைவி ஜெனிதாவின் செல்கள். ஆய்வுக்காக அவள் கொடுத்த துளித் தோலை, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்களாக்கி வளர்த்திருந்தான். லாரி அவளை நசுக்கி எட்டு மாதம். அவளில் உயிரோடு மிஞ்சியது இந்த ஆறு குழித் தட்டுதான்.

இச்செல்கள் தனியே பிழைக்காது. கீழே வேறு தோல் செல்களைப் படுகையாக விரிக்க வேண்டும். அவை பெருகாது, மேலிருப்பவற்றுக்கு ஊட்டும். வாங்கியவை தீர்ந்தபோது கிளமெண்ட் தன் முன்கைத் தோலை வெட்டி வளர்த்து விரித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆய்வகத் தலைவி மேகலா ப்ளீச் பாட்டிலோடு வந்தார்.

"ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு கிளமெண்ட். இன்னிக்கே அழிச்சிடணும்."

"ரெண்டு நாள் குடுங்க மேடம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அவங்கள அடக்கம் பண்ணியாச்சுல்ல? நகருங்க, நானே ஊத்துறேன்."

அவர் கையைப் பிடித்து மேசை விளிம்பில் அறைந்தான். எலும்பு முறிந்தது. மேகலா அலறித் தரையில் சரிந்தார். பாட்டில் கவிழ்ந்து தட்டு நிறைந்தது.

கண்ணை லென்ஸில் அழுத்தினான். படுகை சுருண்டது. அவன் செல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. திட்டுகள் சாகவில்லை.

முன்கை எரிந்தது. ப்ளீச் பட்டிருக்கும் என்று சட்டைக் கையைச் சுருட்டினான். துணியோடு தோலும் சுருண்டு வந்தது. முடி கருகும் நாற்றம்.

"உங்க கை... ஐயோ, உங்க கை..." மேகலா தரையில் பின்னோக்கி நகர்ந்தார்.

பார்த்தான்.

தோலுக்கு அடியில் சதை இல்லை. வட்ட வட்டமாகத் திட்டுகள். ஈரமாக. ஒரே தாளத்தில் துடித்தபடி. பிளந்தன. பெருகின. மணிக்கட்டருகே சில ஒன்றுகூடி எழும்பின. நகம். கணு. மெல்லிய ஒரு விரல்.

இரண்டாவது.

மூன்றாவது.

ஐந்தும் முளைத்ததும், அவை அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டன.