கதவுக்கு வெளியே ஒரு சாட்சி

"ஐயோ! பிணத்தைக் காணோமே!"

ஓவியர் பென்னிமன் அலறிய அலறலில் களஞ்சியத்துப் புறாக்கள் படபடத்துப் பறந்தன.

சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் கயிறு இருந்தது. கயிற்றில் தலைகீழாகத் தொங்கிய பெரிய வெள்ளை வாத்து...

இல்லை!

குலுக்கலில் ஜெயிப்பவருக்குப் பரிசு அது. சீட்டு எழுதித் தொப்பியில் போட்ட ஐந்து வெள்ளைக்காரர்களை மேஜையைச் சுற்றி நிறுத்தி, காலையிலிருந்து படம் வரைந்துகொண்டிருந்தார் பென்னிமன்.

பாதிக் கதவுக்கு வெளியே, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தபடி ரூஃபஸ்.

அவன் பிடில் இல்லாமல் லாங் ஐலண்டில் கல்யாணம் நடக்காது. ஒரு கறுப்பு முகம் இல்லாமல் பென்னிமனின் படம் விற்காது. ஆனால் இடம் மட்டும் எப்போதும் கதவுக்கு வெளியேதான்!

"யாரும் அசையாதீங்க!" மேஜையைச் சுற்றி நின்ற ஐவரில் ஒருவரான கான்ஸ்டபிள் ஹாக்கின்ஸ் கத்தினார்.

"அதைத்தானே காலையிலேர்ந்து பண்றோம்?" என்றார் கொல்லர்.

டீக்கன் ஸ்கட்டர் மட்டும் விறைப்பாக விரலை நீட்டினார். சர்ச் நிர்வாகி, முதல் பெஞ்சுக்காரர்.

"இதுல என்னய்யா விசாரணை? மத்தியானம் நாம எல்லாம் சாப்பிட வீட்டுக்குள்ள போனோம். இங்க தனியா இருந்தது யாரு? இந்தக் கறுப்பன்! புடிச்சுக் கட்டு!"

ஹாக்கின்ஸ் ஆணியிலிருந்த கயிற்றையே அவிழ்த்தார்.

இந்த ஊரில் அடிமைகளுக்கு விடுதலை வந்து பத்து வருஷம்தான் ஆகிறது. ரூஃபஸ் மேல் ஒரு திருட்டுப் பட்டம் விழுந்தால் போதும். முதலில் ஜெயில். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குள்ளும் அவன் பிடில் நுழையாது.

"கான்ஸ்டபிளய்யா, ஒரு நிமிஷம்! சாப்பிட்டு முதல்ல திரும்பி வந்தவரு டீக்கன். வந்ததும் என்னைக் கிணத்துக்குத் தண்ணிக்கு அனுப்பினாரு."

"எவ்ளோ தைரியம்!" டீக்கன் சீறினார். "என் வார்த்தையா, இவன் வார்த்தையா?"

ஹாக்கின்ஸ் கயிற்றோடு கதவை நோக்கி நடந்தார். அதுதான் பதில்!

ரூஃபஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விழுங்கினான்... பல்லைக் காட்டினான்.

"என் வார்த்தை வேணாங்கய்யா. பென்னிமனய்யா கையை நம்புவீங்கல்ல?"

"என் கையா?" பென்னிமன் மார்பை நிமிர்த்தினார். "கண்ணால பாக்காத ஒரு பொத்தானைக்கூட நான் வரைஞ்சதில்ல!"

"அப்ப காலையில பென்சில்ல போட்ட படத்தையும், மத்தியானம் வர்ணம் பூசின படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. டீக்கனை மட்டும் பாருங்க."

வைத்தார்.

பார்த்தார்கள்.

காலை டீக்கன், காய்ந்த சோளத்தட்டை மாதிரி ஒல்லி.

மத்தியான டீக்கன்... எட்டு மாதக் கர்ப்பிணி!

"அடப்பாவி!" பென்னிமன் வாயைப் பிளந்தார். "ஒரு மணி நேரமா இந்தக் கோட்டைத்தானே பூசினேன்! வெளிச்சம் போயிடுமேங்கிற அவசரத்துல ஆணியையும் கவனிக்கல, வயித்தையும் கவனிக்கல!"

"கவனிக்காமலே சரியா வரைஞ்சிருக்கீங்க" என்றான் ரூஃபஸ். "அதாங்கய்யா திறமை!"

டீக்கனின் முகத்தில் வியர்வை ஓடியது.

"அது... மத்தியானம் சிப்பி சூப்பு கொஞ்சம் ஜாஸ்தியா..."

"கோட்டைக் கழட்டுங்க டீக்கன்" என்றார் ஹாக்கின்ஸ்.

"குளிருது!"

"கழட்டுங்க!"

ஒரு பொத்தான் தெறித்தது. ஒரு வெள்ளை இறகு மிதந்து வந்து கான்ஸ்டபிளின் மூக்கில் உட்கார்ந்தது. அடுத்த நொடி... பொத்!

வாத்து, டீக்கனின் பூட்ஸ் மேல் விழுந்தது.

"எடுத்துட்டு ஓடிடலாம்னுதான் பாத்தேன்..." டீக்கன் முனகினார். "அதுக்குள்ள இந்த ஓவியரு வந்து, நில்லு, அசையாதேன்னுட்டாரு! ஒரு மணி நேரம்யா! இடுப்பே போச்சு!"

களஞ்சியமே சிரிப்பில் அதிர்ந்தது. கயிறு கை மாறாமலே ஆள் மாறியது. டீக்கனை இழுத்துக்கொண்டு நடந்தார் ஹாக்கின்ஸ். ரூஃபஸிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ரூஃபஸுக்கு வலித்தது.

பென்னிமன்தான் தொண்டையைச் செருமினார்.

"ரூஃபஸ்... டீக்கன் இடம் காலிதான். உள்ள வந்து மேஜைகிட்ட நில்லேன்."

ரூஃபஸ் அந்த இடத்தைப் பார்த்தான். பாதிக் கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"வேணாங்கய்யா. அங்க நின்னவங்களுக்குச் சீட்டுத் தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுது. இங்க நின்னா எல்லார் வயிறும் தெரியுது. கதவை மட்டும் நல்லா அகலமாத் தொறந்து வரைங்க... அடுத்த வாத்தை எவன் எடுக்கறான்னு பாக்கணும்!"