டிலானின் கடைசிக் காலாண்டு

“என்ர பிள்ளை கள்ளன் இல்லை சேர்!”

மாகிரட் போட்ட அலறலில் திருகோணமலை மீன்பிடித் துறைமுகமே விறைத்து நின்றது.

ஈரச் சீமெந்துத் தரையில் அவளுடைய ஒரே மகன் டிலான் கிடந்தான். முப்பது கூடத் தாண்டாத பிள்ளை. கொம்பனியில் ஏதோ களவு என்று ஊருக்குள் கதை வேறு. என்ன அநியாயம்!

இன்ஸ்பெக்டர் ஜவ்பர் தொப்பியைக் கழற்றினார். எத்தனையோ சடலம் பார்த்த மனிதர். தாய்மாரின் முகத்தைப் பார்க்க மட்டும் இன்னும் பழகவில்லை, பாவம்.

“ஆரோ தள்ளிப்போட்டாங்கள் சேர்...”

“இல்லை அம்மா. அவராத்தான் குதிச்சவர். படகில இருந்தவை கண்டவை. பாய்ஞ்சும் பிடிக்க ஏலாமப் போச்சு.”

“ஏன் சேர்...? ஏன்?”

பதில் கொழும்பிலிருந்து வந்தது. ஸ்பீக்கர் போனில், மாகிரட்டுக்கும் கேட்க!

“நான் நிருபன். டிலான்ட மேலதிகாரி. அவர் ஊரில வீட்டில இருந்துதான் எங்களுக்கு வேலை செய்தவர். எங்கட டெக்னோலஜி கொம்பனியிட காலாண்டு முடிவு செவ்வாய்தான் வெளிவர இருந்தது சேர். பெரிய நட்டம். கணக்குப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனா முதலே வெளிய போயிட்டுது. திங்கள் சந்தை திறந்த உடன பங்கு விலை படுத்திட்டுது!”

“டிலான்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?”

“அவரே நேற்று ஒப்புக்கொண்டவர். ‘நான்தான், வேற ஒருத்தருக்கும் சம்பந்தமில்லை’ எண்டு. வழக்குப் போடுவம் எண்டனாங்கள். ரொறன்ரோவில பேணாட் எண்டு அவற்ற மச்சான்தான் முதல் ஆளாப் பங்கை வித்தவர். காசு வாங்கிக்கொண்டுதான் சொல்லியிருப்பார் சேர்.”

ஜவ்பர் மாகிரட்டிடம் திரும்பினார்.

“கொம்பனிக்கு நட்டம் எண்டு உங்களுக்குத் தெரியுமா அம்மா?”

“ஓம். சனிக்கிழமை சோறு போடேக்க சொன்னவன். வேலை போயிடுமோ எண்டு பிள்ளை ஒரு வாயும் சாப்பிடேல்ல. நான் ஒரு மனுசரிட்டயும் மூச்சு விடேல்ல சேர்!” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அவன் கள்ளன் இல்லை எண்டு அடக்கத்துக்கு முதல் ஊருக்குத் தெரியவேணும். அது போதும் எனக்கு.”

ஜவ்பர் தள்ளிப் போய், ரொறன்ரோவுக்குப் போன் போட்டுப் பேணாட்டைப் பிடித்தார்.

“டிலானுக்கு எவ்வளவு குடுத்தனீர்?”

“ஐயோ, ஒரு சதமும் இல்லை சேர்! அவனோட கதைச்சே கனகாலம்.”

“அப்ப நட்டம் எண்டு எப்பிடித் தெரியும்? சாத்திரம் பாத்தனீரோ?”

“பூசை பாத்தனான் சேர்!”

“என்னது...?”

“ஞாயிறு பூசை. எங்கட கோயில் பேஸ்புக்கில லைவ் போடுறது. வெளிநாட்டில இருக்கிற நாங்கள் எல்லாரும் பாக்கிறனாங்கள். அதில மன்றாட்டு வாசிச்சவை. டிலான் பிறகு பாதரிட்டச் சொல்லி வீடியோவை அழிப்பிச்சுப் போட்டானாம். கூட்டாளிமாருக்குக் காட்ட நான் அந்தத் துண்டை வெட்டி வைச்சனான். அனுப்பவா?”

வந்தது. ஜவ்பர் காதோடு வைத்துக் கேட்டார்.

‘மாகிரட் அம்மா கேட்டுக்கொண்டபடி மன்றாடுவோம். இந்தக் காலாண்டில் பெரும் நட்டம் அடைந்துள்ள கொம்பனியில் அவருடைய மகன் டிலானின் வேலை பறிபோகாதிருக்க, ஆண்டவரே...’

‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!’

கோயிலே சேர்ந்து சொன்னது.

ஜவ்பருக்கு விளங்கிவிட்டது. பெற்றவளை வழக்கில் இழுத்துவிடுவார்களே என்று பயந்துதான் அந்தப் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டிருக்கிறான்! அவளிடம் கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் கலங்கியது. பொலிஸ்காரருக்குக் கலங்கக் கூடாதுதான்... கலங்கியது.

“சேர்...”

மாகிரட் பின்னால் நின்றாள்.

“கொம்பனிக் கதையை வெளிய விட்ட அந்தப் பாவி ஆர்? பேரைச் சொல்லுங்கோ!”

ஜவ்பர் வீடியோவை அழித்தார்.

“ஒருத்தரும் இல்லை அம்மா. கம்பியூட்டர் பிழை. உங்கட மகன் ஒரு சதமும் வாங்கேல்ல. கொம்பனிக்கு நானே சொல்லுறன்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

“அப்ப, அடக்கப் பூசையில பாதர் அதை மைக்கில சொல்லுவாரா சேர்? எல்லாருக்கும் கேக்கவேணும்...”

“சொல்லுவார் அம்மா.” ஜவ்பர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “லைவை மட்டும் நிப்பாட்டச் சொல்லுறன்!”