மீன் தட்டு சாயக் கூடாது

"அடியே பெய்ஷான், கதவைத் திற! குவோ அத்தை வந்துட்டாங்க!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

பெய்ஷான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். குவோ அத்தையின் கையில் ஒரு கூடை இருந்தது. கூடைக்குள் நீளமான தட்டு. தட்டில் தலையும் வாலுமாக ஒரு முழு மீன்!

பெய்ஷானுக்குப் பக்கென்றது.

குவோ அத்தை டோங்காங் மீன்பிடித் துறைமுகத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அம்மா செய்திருக்கும் புது இடுக்கி அவருக்குப் பிடித்துவிட்டால், சீனப் புத்தாண்டு விற்பனைக்குக் கடையில் வைப்பார். பிடிக்காவிட்டால் அம்மா தொலைவில் தலைநகர் தைப்பே பக்கம் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். பெய்ஷான் மாமா வீட்டில்தான் இருக்க வேண்டும். அலமாரி மேலிருந்து இறக்கிய பெரிய பயணப் பை கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெய்ஷானுக்கு அழுகை வந்தது.

மின்சாரக் குக்கருக்குள் ஆவியில் வெந்த தட்டை வெளியே தூக்க எல்லார் வீட்டிலும் மூன்று கால் இடுக்கி உண்டு. வட்டத் தட்டுக்கு அது சரி. நீளமான மீன் தட்டை அது கவ்வாது. புத்தாண்டு விருந்து என்றால் யாராவது ஒருவர் விரலைச் சுட்டுக்கொள்வார். அதனால் அம்மா வேறு மாதிரி செய்தாள். ஒரு நீளக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் தட்டைக் கவ்வும் கொக்கி, சரியாக நடுவில் ஒரு கைப்பிடி.

"மீனா கொண்டாந்திருக்கீங்க அக்கா?" அம்மா வாசலுக்கு வந்து கூடையை எட்டிப் பார்த்தாள்.

"பின்னே? புத்தாண்டுக்கு மீன் தூக்கத்தானே இந்த இடுக்கி? என் தட்டு, என் மீன். பார்த்துடலாம்."

முழு மீன் வாங்குவது விருந்துக்குத்தான் என்று அம்மா இதுவரை சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் டோஃபுவையும் வைத்தே இடுக்கியைச் சோதித்திருந்தாள். வேறு வழியில்லை. மீனைக் குக்கரில் வைத்தாள். அடியில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சுவிட்ச் 'டக்'கென்று மேலே வந்தது.

அம்மா கொக்கிகளை மாட்டித் தூக்கினாள்.

தட்டு தலைப்பக்கம் சாய்ந்தது. மீன் வழுக்கியது. சாறு சொட்டியது.

"ஐயையோ! வை, வை, கீழே வை!" குவோ அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

தட்டு மறுபடி குக்கருக்குள் இறங்கியது. மீன் மயிரிழையில் தப்பியது. அத்தையின் முகம் மட்டும் இருண்டுவிட்டது.

"என் வீட்டுக்காரர் கடல்ல இருக்காரு. மீன் கவிழ்ந்தா படகு கவிழ்ந்த மாதிரி. நாங்க ஒரு பக்கம் தின்னுட்டு மறுபக்கம் திருப்பக்கூட மாட்டோம், நடுமுள்ளை எடுத்துட்டுத்தான் மிச்சத்தைத் தின்போம். இதை நான் யாருக்கு விக்கிறது? சூடு தாங்க ஒரு துணி குடு, மீனை எடுத்துட்டுப் போறேன்."

அம்மா துணியைத் தேடினாள். பெய்ஷானின் கண் தானாகப் பயணப் பையின் பக்கம் போனது.

அவள் சட்டென்று குக்கருக்குள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, தலைப்பக்கம் இன்னும் வேகல!" என்றாள். அரை டம்ளர் தண்ணீரை அடியில் ஊற்றி, மூடி, சுவிட்சை அழுத்திவிட்டாள்.

"ஏய் வாலு! அது நல்லாத்தான் வெந்திருக்கு! இன்னும் வெந்தா உதிர்ந்துடும்!"

"கொஞ்சம்தான் அத்தை!"

தண்ணீர் வற்றுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைப்பக்கம் ஏன் சாய்ந்தது? மீனுக்குத் தலை கனம், வால் லேசு. பெய்ஷானுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வகுப்பைச் சுத்தம் செய்யும் நேரத்தில், துடைப்பக் கம்பின் ஒரு முனையில் நிறைந்த வாளியும் மறுமுனையில் காலி வாளியும் மாட்டித் தோளில் தூக்கியிருக்கிறாள். அதற்கு டீச்சரிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள். நடுவில் தோள் கொடுத்தால் நிறைந்த வாளி தரையில் இடிக்கும். நிறைந்த வாளிப் பக்கம் தோளை நகர்த்தினால் கம்பு நேராக நிற்கும்.

"அம்மா! கைப்பிடியைத் தலைப்பக்கம் தள்ளு!"

"அது நகராதுடி. நகரவே கூடாதுன்னுதானே அவ்வளவு இறுக்கி வச்சேன்!"

"நகரணும்மா!"

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாய்ந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தாள். கைப்பிடியின் திருகு அசையவில்லை. மறுபடியும் முயன்றாள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. குக்கருக்குள் தண்ணீரின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"போச்சு, என் மீன் போச்சு" என்று அத்தை முணுமுணுத்தார்.

பெய்ஷான் கம்பியை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். 'கிறீச்!' கைப்பிடி இரண்டு விரல் அகலம் நகர்ந்தது. மறுபடி இறுக்கினாள்.

டக்!

"கொஞ்சமா மட்டும் தூக்கும்மா. நில்லு! இப்ப வால் இறங்குது. ரொம்பத் தள்ளிட்டோம்."

அம்மா இறக்கி வைத்து, கைப்பிடியை ஒரு நூல் அளவு திருப்பித் தள்ளினாள். மீண்டும் தூக்கினாள். தட்டு மேலே வந்தது. சாறு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மீன் சுகமாகப் படுத்தபடியே மேசைக்கு வந்து சேர்ந்தது.

தட்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் குவோ அத்தை வாய் திறந்தார்.

"அந்தத் திருகைக் கையாலேயே திருகுற மாதிரி போடு. என் மருமகளுக்கு ஸ்க்ரூடிரைவருக்கும் சீப்புக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்படின்னா..." என்று அம்மா இழுத்தாள்.

"அப்படின்னா என்ன? எத்தனை செய்ய முடியுமோ அத்தனையும் கொண்டா. இப்ப உட்காருங்க, சாப்பிடலாம். இவ புண்ணியத்துல மீன் பஞ்சா வெந்துடுச்சு."

பெய்ஷான் முதல் வாய் சாப்பிட்டாள். உண்மையிலேயே அளவுக்கு மேல் வெந்துதான் போயிருந்தது. ஆனாலும் அவ்வளவு ருசியான மீனை அவள் சாப்பிட்டதே இல்லை.

நான்கு நாள் கழித்து அம்மா அந்தப் பெரிய பயணப் பையை எடுத்தாள். அதற்குள் புது இடுக்கிகளைத் திணித்தாள். ஒரு காதை அம்மாவும் மறுகாதை பெய்ஷானும் பிடித்துக்கொள்ள, பை குவோ அத்தை கடை வரைக்கும்தான் பயணம் போனது.