பகிர்விசை

பகிர்விசையில் போரிட்ட யாரும் ‘நான் இன்னாரைக் கொன்றேன்’ என்று சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான் இருந்தது. கோதண்டபாணி படையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த சான்றிதழில், ‘இவர் பங்கேற்ற துப்பாக்கிச்சூடுகள் அனைத்தும் அணியையே சாரும், தனி ஒருவரைச் சாரா’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவன் அதை பீரோவில் மனைவியின் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டான்.

ஆம்பூருக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டி அவனுக்கு ஒரு சிறிய வீடு. படையிலிருந்து திரும்பிய முதல் மாதத்தில் அங்கே இருந்த முருங்கையையும் கொய்யாவையும் வெட்டிச் சாய்த்தான். வேலியோரத்துச் செம்பருத்தியையும் விடவில்லை. பிறகு வாசல்வரை சிமெண்ட் போட்டான்.

“நிழலுக்கு ஒரு செடிகூட விடலியே” என்றாள் சுலோசனா.

“இலை ஆடுற சத்தம் வேணாம்” என்றான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. மழை பெய்தால் அவன் எழுந்து காலைத் தடவிப் பார்ப்பான். காட்டு அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறான் என அவளாகவே புரிந்துகொண்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டினான். பிள்ளைகளிடம் நன்றாகப் பழகினான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது.

காட்டுப் போரில் கண் உதவாது. அவன் போரிட்ட கெலூங் தீவின் மூங்கில் காட்டில் நாலு முழத்துக்கு அப்பால் நிற்பது மனிதனா மரமா என்று தெரியாது. ஒருவனுக்கு இலை அசைவது தெரியும். இன்னொருவனுக்கு ஒரு வாடை வரும். மூன்றாமவனுக்குக் காரணமே இல்லாமல் முதுகு சிலிர்க்கும். ஒவ்வொருவனும் தனியாக யோசித்து முடிவெடுப்பதற்குள் எதிரி சுட்டுவிடுவான். இதற்காகக் கூட்டுப்படையின் பொறியாளர்கள் கண்டுபிடித்ததுதான் பகிர்விசை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு நரம்புமுனை வைப்பார்கள். அணியில் உள்ள ஏழு பேரின் அச்சத்தையும் அது ஒருவருக்கொருவர் கடத்தி, அளந்து கூட்டும். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால், வாகான இடத்தில் இருக்கும் துப்பாக்கி தானே சுடும். அந்த நேரத்தில் மற்ற ஆறும் குண்டில்லாமல் வெடிக்கும்; ஏழும் ஒரே மாதிரி சத்தமிட்டு, ஒரே மாதிரி தோளை உதைக்கும். குண்டு எதிலிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பதிவும் வைக்கப்படுவதில்லை. மிச்சக் குண்டுகளைக்கூட முத்திரையிட்ட பெட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வீரன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒப்புதல் பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு பேரில் ஒருவன் பிடியை விட்டாலும் எந்தத் துப்பாக்கியும் சுடாது. தவறு நேராமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

பயிற்சி முகாமுக்கு வந்த மனநல மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பழைய காலத்துல ஒரு சாவு ஒருத்தன் தலையில விழும். அவன் ஊருக்குப் போயும் தூங்க மாட்டான். இப்ப ஏழு பேர் பங்கு போட்டுக்கறீங்க. ஆளுக்கு எவ்வளவு வந்துடும்? தூக்கம் கெடற அளவுக்கு வராது.”

எல்லாரும் கைதட்டினார்கள். கோதண்டபாணியும் தட்டினான்.

அந்தச் சம்பவம் நடந்த அன்று காலையிலிருந்தே மழை. ஓடைக்கரைச் சேற்றில் ஏழு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். முந்தைய வாரம் பக்கத்து அணி ஒன்று இதே ஓடையில் முழுதாக அழிந்திருந்தது. எல்லார் பயமும் எல்லாருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. இப்ராம்ஷாவின் நெஞ்சு படபடப்பதைக் கோதண்டபாணி தன் நெஞ்சில் உணர்ந்தான். அணித்தலைவர் கனகசபையின் வாய் உலர்ந்தபோது இவன் நாக்கும் ஒட்டிக்கொண்டது. அப்போது எதிரே மூங்கில் விலகியது. கறுப்பாக ஏதோ நிமிர்ந்தது. கையில் ஒரு இரும்பு மின்னியது.

“யாருப்பா அது?” என்றது ஒரு குரல்.

தமிழ். அந்தக் காட்டில், கடல் கடந்த அந்தத் தீவில், சுத்தமான தமிழ். கோதண்டபாணி அதைக் கேட்டான். எதிரி தமிழ் பேசமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். பிடியை விட ஒரு மூச்சு நேரம் இருந்தது. விரல்கள் விடவில்லை. ஏழு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன.

போய்ப் பார்த்தார்கள். தலையில் தார்ப்பாய் போர்த்தியிருந்த ஒரு மனிதன். அவன் கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. நாலு தலைமுறைக்கு முன்னால் தோட்ட வேலைக்காக அந்தத் தீவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒருவன். கனகசபை அவன் சட்டைப்பையில் இருந்த தோட்ட அட்டையை எடுத்துப் படித்தார். நாகப்பன். நகரச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் இலைகளைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்கள்.

போர் முடிந்து நரம்புமுனையைக் கழற்றிய பிறகு அந்த ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்தவனின் பயம்வரை தெரிந்து வாழ்ந்தவர்கள், அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பேச என்ன இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, இப்ராம்ஷா இறந்துவிட்ட செய்தி வந்தது. கோதண்டபாணி பேரணாம்பட்டுக்குப் போனான். அடக்கம் முடிந்திருந்தது. இப்ராம்ஷாவின் மனைவி சபுரா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினாள்.

“நெஞ்சுல சளி கட்டி, மூச்சு ரொம்பக் கஷ்டப்பட்டுப் போச்சுண்ணே. கடைசி ரெண்டு நாள் பார்க்க முடியல. ஆனா மனசு நிம்மதியா இருந்தாங்க. அந்தத் தீவுக்குப் போயிட்டு வந்ததிலேருந்தே நிம்மதிதான்.”

“தீவுக்கா?”

“நாலஞ்சு வருஷம் இருக்கும். அங்க ஒரு பொம்பளையப் பார்த்து, உன் வீட்டுக்காரரைச் சுட்டது நான்தான்னு சொல்லிட்டு வந்தாங்களாம். அது வாயில வந்தபடி திட்டுச்சாம். ‘திட்டு வாங்கிட்டேன் சபுரா, இனிமே தூங்குவேன்’னு சொன்னாங்க. தூங்கவும் செஞ்சாங்க.”

கோதண்டபாணிக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். அவன் எப்படி அதைச் சொல்லலாம்? அது என்னுடையது. குரலைக் கேட்டவன் நான். பிடியை விடாதவன் நான். திரும்பும் பேருந்தில் தன் கோபத்தை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுலோசனாவிடம், “நான் கெலூங் போயிட்டு வரேன்” என்றான்.

“போயிட்டு முழுசா வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

தீவு மாறியிருந்தது. படகுத்துறையில் உணவுக்கடைகள் வரிசையாக இருந்தன. காடு இருந்த இடத்தில் பாதிக்கு மேல் ரப்பர் தோட்டம். நாகப்பனின் மனைவி பூரணம், ரப்பர்ப் பாலை உறையவைத்த ஷீட்களை உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்தாள். ஐம்பது வயதிருக்கும். வாசலில் நின்றவனை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கொஞ்சம் திரும்புங்க” என்றாள்.

திரும்பினான். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தாள்.

“சரி. வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுப் பேசலாம்.”

“அம்மா, நான் முதல்ல ஒண்ணு சொல்லணும்.”

“தெரியும். நீங்கதான் சுட்டீங்க. அவரு யாருப்பான்னு கேட்டது உங்க காதுல விழுந்துச்சு. கைய எடுத்திருக்கலாம், எடுக்கல. அதானே?”

கோதண்டபாணியின் கை தழும்புக்குப் போனது.

“நீங்க அஞ்சாவது ஆளு” என்றாள் பூரணம்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு ஒற்றை அறை. உலை வைத்துக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“முதல்ல ஒரு பாய் வந்தாரு. கால்ல விழுந்து, நான்தான்னு அழுதாரு. அதுவரைக்கும் எனக்கு யாரைத் திட்டறதுன்னே தெரியாது. ராணுவம்னு சொன்னா யாரைன்னு திட்டுவீங்க? அன்னிக்கு எனக்கு ஒரு முகம் கிடைச்சுது. கல்லை எடுத்து அடிச்சேன். மண்ணை வாரித் தூத்தினேன். அவரு போனப்புறம் தினம் அந்த முகத்தை நினைச்சுத் திட்டுவேன். பொய் சொல்லல, அதுல எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. சோறு இறங்குச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தரு வந்தாரு. நான்தான் சுட்டேன்னாரு. அதே யாருப்பா, அதே கை.”

அரிசி கொதித்து வந்தது. மூடியை விலக்கினாள்.

“எனக்கு இருந்தது ஒரு புருஷன். அவரைக் கொன்னவங்க மட்டும் வந்துக்கிட்டே இருக்காங்க. மூணாவது ஆள் வந்தப்ப எனக்கு அழுகையும் வரல, கோபமும் வரல. சோத்தைப் போட்டு அனுப்பினேன். நீங்க எல்லாம் சொல்லிட்டு எந்திரிச்சுப் போறீங்க. போறப்ப உங்க முகம் தெளிஞ்சிருக்கு.”

“மன்னிச்சிடுங்கம்மா.”

“அதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க.” அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். “அந்த பாய் எப்படி இருக்காரு? அவரை மட்டும் கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்.”

“போன மாசம் இறந்துட்டாரு.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

“எப்படி?”

அவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். “நெஞ்சுல சளி. மூச்சு முட்டி…”

பூரணம் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நான் அப்படித்தான் சொன்னேன்” என்றாள். “நீ மூச்சு முட்டித்தான் சாவேன்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல. ரெண்டு வருஷம், காலையும் சாயங்காலமும் விளக்கு வச்சுச் சொன்னேன். அப்புறம் பாத்தா சுட்டது அவருதானான்னே தெரியல. ஒண்ணும் செய்யாத ஆளா இருந்தா? பிள்ளைக்குட்டி இருக்கா அவருக்கு?”

“இருக்காங்க.”

“சாமி” என்றாள், தணிந்த குரலில். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கோதண்டபாணி அந்த முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவன் பார்த்துவருகிற முகம். ஏழு பேருக்கு என்று செய்த பொறி, இப்போது எட்டாவதாக இவளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. சாபத்தால் நுரையீரல் கெடாது என்று இவளிடம் சொல்லலாம். சொன்னால் கேட்பாளா? உன் பங்கு ஏழில் ஒன்றுதான் என்று மருத்துவர் சொன்னதை அவன் கேட்டானா?

அவன் கடல் தாண்டி வந்தது ஒரே ஒரு சொல்லுக்காக. நான். அதைச் சொன்னால் இப்ராம்ஷா குற்றமற்றவன் ஆவான். இவள் குற்றமற்ற ஒருவனைத் தினமும் சபித்தவள் ஆவாள்.

“அம்மா” என்றான். “அது அவருதான்.”

அவள் நிமிர்ந்தாள்.

“போர் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆனதால பதிவை எல்லாம் திறந்து பாத்தாங்க. குண்டு போனது இப்ராம்ஷா துப்பாக்கியிலேருந்துதான். பயந்து முதல்ல பதறினதும் அவன்தான். மத்த யாருக்கும் அதுல சம்பந்தம் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“நிசமாவா?”

“நிசம்.”

“அப்ப நான் திட்டினது சரியான ஆளைத்தானா?”

“சரியான ஆளைத்தான்.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டில் சோறு போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள். அவன் எதிரே உட்கார்ந்து, முதல் தடவையாக அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“நல்லாச் சாப்பிடுங்க. கைல ரத்தம் இல்லாத ஆளுன்னு தெரிஞ்சு இன்னிக்குத்தான் சோறு போடறேன்” என்றாள்.

இப்ராம்ஷாவின் நெஞ்சு தன் நெஞ்சில் துடித்ததை நினைத்துக்கொண்டே அவன் சாப்பிட்டான். போட்டதை எல்லாம் சாப்பிட்டான். மறுசோறு போட்டபோதும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: “இன்னும் ரெண்டு பேரு வராம இருக்காங்கல்ல. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. வர வேணாம். செய்யாததுக்கு எதுக்கு அவங்க வந்து அழணும்?”

படகுத்துறையில் நின்று கனகசபைக்குப் பேசினான். அவர் எண்ணைச் சபுராவிடம் வாங்கி வைத்திருந்தான். இத்தனை வருடத்தில் அவர் குரலைக் கேட்பது இதுவே முதல் முறை. அவளிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னான். பதிவே இல்லை என்றது பொய், இருந்ததைத் திறந்தார்கள், இப்ராம்தான், நாம் யாரும் இல்லை. அவருக்காவது விடுதலை கிடைக்கட்டும் என்று நினைத்தான்.

“இல்லடா” என்றார் கனகசபை. “தப்பாப் பாத்திருப்பாங்க. நான் கேட்டேன்டா அந்தக் குரலை.”

“இப்ராம்தான் சார். உறுதியாத் தெரிஞ்சுபோச்சு.”

“அடுத்த மாசம் அங்க வர டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்.”

“ரத்து பண்ணிடுங்க சார். அந்தம்மாவை யாரும் போய்ப் பாக்க வேணாம்.”

பிறகு அந்தக் குரல் வந்தது. விடுதலை பெற்றவனின் குரலாக அது இல்லை. கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

“அப்ப நான் யார்கிட்டடா போய்ச் சொல்றது?”

படகு ஊதியது. கோதண்டபாணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தான்.