குடிக்காதவள்

படகுக்காரி துறைக்கு வந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் கால்வாயின் மேல் மிச்சமிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளிருந்தே முளைத்த மாதிரி வீடுகள். ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். இந்த நேரத்தில் இந்த ஊரைப் பார்க்கிறவர்கள் சொல்லி வைத்தாற்போல் ஒரு பெருமூச்சு விடுவார்கள், கையைக் கோத்துக்கொள்வார்கள், படகு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அவர்களுக்கென்ன, வருவார்கள், போவார்கள். அவளுக்கு அந்த அழகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மேற்கே நல்ல மழை. கால்வாய் ஏறியிருந்தது. துறையின் கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

"இன்னிக்கு வேணாம்மா," என்றார் பக்கத்துப் படகு மீசைக்காரர். "நாங்க எல்லாரும் கட்டிப்போட்டுட்டோம். குட்டைப் பாலத்துல இடிக்கும்."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? கட்டிக்கப்போற பொண்ணக் கூட்டிட்டு வராராம். உன் படகுதான் வேணுமாம்."

"வரட்டும்," என்றாள். அவள் சொன்ன விதத்தைக் கேட்டு மீசைக்காரர் கயிற்றைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

போன மழைக்காலம் வரை அந்தப் படகில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பின்னால் நின்று சுக்கான் பிடிப்பது அக்கா. படகின் மூக்கில் நின்று, தாழ்வான பாலம் வரும்போதெல்லாம் "தலை!" என்று குரல் கொடுப்பது தங்கை. அந்தக் குரல் கேட்டதும் பயணிகள் குனிந்துகொள்ள வேண்டும். முதலாளி செலவைக் குறைக்கிறேன் என்று பரிமாறுகிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலையையும் தங்கை தலையில் கட்டினான். இதே மாதிரி தண்ணீர் ஏறிய ஒரு நாள். போகக்கூடாது என்று அக்காவும் தங்கையும் மாறி மாறிச் சொன்னார்கள். கேட்டால்தானே. தங்கை பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு ஜோடிக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா தொண்டை கிழியக் கத்தியும் அந்த ஜோடி போட்டிருந்த பாட்டு அதை விழுங்கிவிட்டது. குட்டைப் பாலத்தின் கல் தங்கையின் பின்மண்டையில் அடித்தது. மறுநாள்தான் உடம்பு கிடைத்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி படகின் மூக்கிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காட்டினான். "குடிச்சிருந்தா சார். நான் எவ்வளவோ கண்டிச்சுப் பாத்தேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

குடித்தாளாம்! இருமல் மருந்து மூடியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறவள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தங்கைக்கு ஒரு பெண்பிள்ளை. இப்போது அத்தை வீட்டில் வளர்கிறாள். அப்பன் என்று ஒருவன் இருக்கிறான், தன் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அந்த அத்தைக்குக் கோபம் வந்தாலும் "குடிகாரி பெத்தது", சிரிப்பு வந்தாலும் "குடிகாரி பெத்தது". போன தடவை பார்க்கப் போனபோது பிள்ளை காதோடு காதாகக் கேட்டாள். "பெரியம்மா, அம்மா நெஜமாவே குடிச்சாங்களா?"

"இல்லடி கண்ணு."

"அப்ப ஏன் எல்லாரும் சொல்றாங்க?"

படகுக்காரி என்ன சொல்வாள்? சொன்னவன் வாயாலேயே அதை இல்லை என்று சொல்லவைக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அவனிடம் வேலையில் இருந்தாள். 'சார்' போடுவதெல்லாம் உதட்டோடு சரி.

முதலாளி வாசனைத் திரவியம் மணக்க மணக்க வந்தான். கூட வந்த பெண் சின்னவள், விரலில் புது மோதிரம். படகில் ஏறும்போது, "வணக்கம்க்கா, தண்ணி நெறைய இருக்கே, போகலாமா?" என்று படகுக்காரியிடமே கேட்டாள்.

"போகக்கூடாது," என்றாள் படகுக்காரி.

"அவ அப்படித்தான் பயமுறுத்துவா. நீ உக்காரு," என்றான் முதலாளி. ஐஸ் வாளியையும் பாட்டில்களையும் தானே சுமந்து வந்திருந்தான், காதல் அப்படி.

படகு நகர்ந்தது. துறையின் சத்தம் பின்னால் போயிற்று. மோட்டாரின் முனகலும், சுவர்களில் தண்ணீர் நக்குகிற சத்தமும் மட்டும். மூக்கில் ஆள் நிற்கிற பலகை காலியாக இருந்தது. தங்கைக்குப் பிறகு அங்கே அவன் யாரையும் போடவில்லை. படகுக்காரிதான் பின்னாலிருந்தே கத்திச் சமாளித்து வந்தாள்.

முதல் பாலம் வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"தலை!"

குரல் அவளுடையது இல்லை. அது முன்னாலிருந்து வந்தது.

அந்தப் பெண் சட்டென்று குனிந்தாள். முதலாளி அசையாமல் உட்கார்ந்திருந்தான், கல் அவன் முடியை உரசிக்கொண்டு போனது. "ஏய், சொல்லித் தொலைக்க மாட்டியா?" என்று திரும்பிக் கத்தினான்.

"அவங்கதான் சொன்னாங்களே," என்றாள் அந்தப் பெண்.

படகுக்காரி சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினான். விளக்கு வெளிச்சத்தில் ஒயின் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். அவன் ஒரு வாய் குடித்தான், அப்படியே தண்ணீரில் துப்பினான்.

"என்னாச்சு?"

"சாக்கடை மாதிரி இருக்கு."

அவள் அவன் கிளாஸை வாங்கி முகர்ந்தாள். முகம் சுருங்கியது. பாசி, டீசல், ஊறிப்போன மரம், மழைநாளில் கால்வாய் அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற அதே நாற்றம். ஒரே பாட்டில், ஒரே கை ஊற்றியது. அவன் இன்னொரு பாட்டிலின் சீலை உடைத்தான். அதிலும் அவன் கிளாஸ் மட்டும் அப்படியே.

"பாட்டில மாத்துனியா நீ?" என்று படகுக்காரியிடம் பாய்ந்தான்.

"பாட்டில் வெக்கிற வேலையெல்லாம் நமக்குத் தெரியாது சார்," என்றாள்.

அவன் பாட்டிலைச் சட்டென்று கீழே வைத்தான். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, முன்னாடி நிக்கிறாங்களே, அவங்க ஏன் நனைஞ்சிருக்காங்க?"

படகுக்காரி முன்னால் பார்த்தாள். காலிப் பலகை, அதற்கப்பால் இருட்டு.

"எப்படி இருக்கா?"

"தலையில மஞ்சத் துண்டு கட்டியிருக்காங்க. திரும்பவே மாட்டேங்குறாங்க."

மஞ்சள் துண்டு. அக்கா வாங்கிக்கொடுத்தது. படகுக்காரிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, செத்துப்போன தங்கைமேலேயே. ஏண்டி, முன்பின் தெரியாதவள் கண்ணுக்குத் தெரிவாய், நாயாய் அலைகிற என் கண்ணுக்குத் தெரியமாட்டாயா? என் கத்தல் உன் காதில் விழவில்லை என்பதற்காகவா?

"யாரு அவங்க?" என்று அந்தப் பெண் முதலாளியின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"யாருமில்ல. முன்னாடி ஒருத்தி வேல பாத்தா. குடிச்சிட்டு..." அவன் இருமினான். "குடிச்சிட்டு விழுந்து செத்தா."

"குடிச்சிட்டா?" என்றாள் படகுக்காரி. "என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க சார்."

அவன் திரும்பவில்லை. எதிரே குட்டைப் பாலம் வந்துவிட்டது.

அது பெயருக்குத்தான் பாலம். மேலே ஒரு தெருவே போகிறது, கீழே குகை மாதிரி நீளம். தண்ணீருக்கும் கல்லுக்கும் நடுவில் இன்று ஒரு கருப்புக் கோடுதான் தெரிந்தது. படகுக்காரி மோட்டாரைப் பின்னுக்குப் போட்டாள். மோட்டார் சத்தம் மாறியது. படகு மாறவில்லை, முன்னாலேயே போனது.

"தலை."

இந்தத் தடவை கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் மெதுவாக. மூன்று பேரும் படகின் அடிப்பலகையில் குப்புற விழுந்தார்கள்.

விளக்கு கல்லில் இடித்து உடைந்தது. மோட்டார் நின்றது.

இருட்டு.

மேலே கல் கரகரவென்று படகின் ஓரத்தைத் தேய்த்தது. பிறகு படகும் நின்றுவிட்டது. முதுகின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. படகு மெல்ல, மிக மெல்ல மேலே ஏறுவதைப் படகுக்காரி உணர்ந்தாள். தண்ணீர் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது பண்ணு," என்று முதலாளி முனகினான். "மூச்சு முட்டுது."

படகுக்காரி சுக்கான் கட்டையைத் தேடிக் கையை நீட்டினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஐஸ் மாதிரி, ஊறி உப்பின கை. உள்ளங்கையில் கயிறு இழுத்துக் காய்த்த மேடு. அந்தக் கை அவள் கையை மூடிக்கொண்டது, தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. படகுக்காரிக்கு அழுகை முட்டியது. வந்திருக்கிறாள். கோபித்துக்கொள்ளவில்லை, என்கிட்டேயும் வந்திருக்கிறாள்.

"சார்," என்றாள். "படகு என் கையில இல்ல. அவ கையில இருக்கு. சொல்லிடுங்க."

"என்னத்தச் சொல்ல?"

கல் இன்னும் ஒரு விரற்கடை கீழே வந்தது. அந்தப் பெண் வீறிட்டாள். "என்னன்னு தெரியல, சொல்லித் தொலைங்களேன்!"

"குடிக்கல!" முதலாளியின் குரல் குகை முழுக்க மோதியது. "அவ குடிக்கல! தண்ணி ஏறியிருக்குன்னு சொன்னா, நான்தான் போகச் சொன்னேன். பாட்டில நான்தான் பெட்டியில வெச்சேன். போதுமா? விடு!"

கை விலகியது. மோட்டார் தானாக உறுமியது. படகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

படகு வேறு கால்வாய் வழியாகச் சுற்றித் துறைக்குத் திரும்பியது. துறையில் விளக்கு, ஜனம், ஓரத்து மதுக்கடையில் சிரிப்பு. மீசைக்காரரும் மற்ற படகோட்டிகளும் ஓடிவந்தார்கள். அந்தப் பெண் முதலில் இறங்கினாள். நடுங்கிக்கொண்டே, அவன் சொன்னதை ஒன்றுவிடாமல் எல்லார் முன்னாலும் சொன்னாள். மோதிரத்தைக் கழற்றிப் படகுக்குள் போட்டாள்.

வெளிச்சத்தைப் பார்த்ததும் முதலாளிக்குப் பழைய முதுகெலும்பு திரும்பிவிட்டது. சட்டையை உதறிக்கொண்டான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"உயிர் பயத்துல எவனும் எதையும் உளறுவான். இவளும் சேந்து நாடகம் போடுறா. ஊருக்கே தெரியும், அவ குடிச்சி..."

வார்த்தை முடியவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது.

வாந்தி இல்லை. கலங்கிய, பாசி மிதக்கிற கால்வாய்த் தண்ணீர். மோவாயில் வழிந்து சட்டையை நனைத்து மரப்பலகையில் கொட்டியது. அவன் வாயைத் துடைத்தான். கண் பிதுங்க எல்லாரையும் பார்த்தான். மறுபடி ஆரம்பித்தான்.

"அவ குடி..."

மறுபடி கொட்டியது. இன்னும் அதிகமாக. அவன் அப்படியே மண்டியிட்டு விழுந்தான். மதுக்கடையில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒருத்தரும் கிட்டே போகவில்லை.

படகுக்காரி மட்டும் போனாள். அவனுக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நிதானமா சொல்லுங்க சார். நாங்க எங்கயும் போகல."

அவன் தலையை ஆட்டினான். சொல்லமாட்டேன் என்று அர்த்தம். அழுதான். அவளுக்கு ஒரு துளி இரக்கம்கூட வரவில்லை, வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

விடிந்ததும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினாள். அத்தை வீடு கால்வாயிலிருந்து வெகுதூரம், மேட்டுத் தெருவில், மாடியில். சமையலறையில் அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். படகுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். "அவன் வாயாலேயே சொல்லிட்டான். ஊரே கேட்டுச்சு. இனிமே பிள்ளைகிட்ட அந்தப் பேச்சு வேணாம்."

அத்தை கத்தியைக் கீழே வைக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, கண்ணடியில் கருவளையம். ராத்திரி முழுக்கத் தூங்காதவள் மாதிரி இருந்தாள். ஆனாலும் வீம்பு விட்டபாடில்லை.

"அவன் ஆயிரம் சொல்லுவான். எனக்குத் தெரியும் என் தம்பி பொண்டாட்டியப் பத்தி. அவ ஒரு..."

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தாள். நிதானமாக எழுந்து போய், மூலையிலிருந்த, பாசி ஒட்டிய வாளியை இழுத்துவந்து அத்தையின் காலடியில் வைத்தாள்.

"பெரியம்மா," என்றாள், "கால மேல தூக்கிக்கோங்க."